அப்பாவின் எண்

அத்தியாயம் ஒன்பது

நேசன் ஸ்டூடியோவின் செயலிக் கணக்கு பூட்டிக்கொண்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

கல்யாணத் தேதிகள், வாடிக்கையாளர்களின் எண்கள், ஆல்பப் பக்கங்கள், வெள்ளத்துக்குப் பிறகு எடுத்த படங்கள் எல்லாம் அந்த ஒரே செயலிக்குள் இருந்தன. சின்ன ஸ்டூடியோக்களுக்கென்றே செய்த செயலி. தேதியைப் பதிந்தால் பெண் வீட்டுக்குத் தானாக நினைவூட்டல் போகும். படங்களை ஏற்றினால் ஆல்பத்துக்கு வேண்டியவற்றை அவர்களே தொட்டுத் தேர்ந்துகொள்வார்கள். ஜெனோ வேறு சில செயலிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இதைப் பிடித்தாள். இது வந்த பிறகுதான் அவளுக்குச் சாயங்காலம் என்று ஒன்று கிடைத்தது.

அதற்கு முன் ஹார்ட் டிஸ்குகள் இருந்தன. தாமிரபரணி சிந்துபூந்துறையில் ஸ்டூடியோவுக்குள் ஏறிய வருஷம் அவை போயின. சேற்றிலிருந்து அவற்றைப் பொறுக்கி வாளியில் போட்டவர் ஜெனோவின் அப்பா சத்தியநேசன்.

"இனிமே தண்ணி தொடாத எடத்துல வைக்கணும்" என்றார்.

கணக்கு தொடங்கும்போது தன் எண்ணைக் கொடுத்தார். கேமராவுக்கு முன் உட்கார்ந்து முகத்தையும் பதிந்தார்.

"எல்லாம் என் நம்பர்லயே போடு பிள்ள. நான் எங்க போவப் போறேன்?"

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் போனார்.

பெட்டியை மூடுவதற்கு முன் அம்மா இன்பமணி அவருடைய வலது கைக்குள் செல்போனை வைத்தாள். இடது பக்கம் வேதப்புத்தகம். எந்நேரமும் போனும் கையுமாக இருந்த மனிதர். யாரும் தடுக்கவில்லை. உள்ளே சிம் இருந்தது. ஸ்டூடியோ கணினியில் கணக்கு திறந்தே கிடந்ததால் அதற்குப் பிறகும் அது யாருக்கும் உறைக்கவில்லை. இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய் அதே எண்ணுக்கு வேறு சிம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. ரீசார்ஜ் இல்லாத எண்ணைக் கம்பெனி எடுத்துக்கொண்டு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டது.

போன வாரம் அண்ணன் கிங்ஸ்லி புதுப் போன் வாங்கினான். அதில் கணக்கைத் திறக்கப் பார்த்தான். ரகசியக் குறியீடு அப்பாவின் எண்ணுக்குப் போனது. வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அனுப்பினான். அன்று சாயங்காலம் கணினியும் எல்லாப் போன்களும் கணக்கை விட்டு ஒன்றாக வெளியே வந்துவிட்டன. செயலி வழியாகப் போன்களில் பதிந்திருந்த வாடிக்கையாளர் பெயர்களும் அதோடு போயின.

வியாழக்கிழமை காலை ஜெனோ ஸ்டூடியோவுக்கு வந்தபோது கிங்ஸ்லி ஏற்கெனவே உள்ளே இருந்தான். ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். சுத்தமான லென்ஸ்.

"ஸ்டேட்டஸ்ல போட்டுருவோம்ணே" என்றாள். "நம்மகிட்ட தேதி குடுத்தவங்க எல்லாரும் திரும்பக் கூப்பிடுங்கன்னு."

"ஏன்னு கேப்பாங்கல்லா."

"சொல்லிருவோம்."

"என்னன்னு? உங்க கல்யாணத் தேதியத் தொலைச்சிட்டோம்னா?"

"ஆமா."

"பாளையங்கோட்டையில தெருவுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கு, ஏட்டி. மத்தியானத்துக்குள்ள ஒவ்வொருத்தனும் ஃபார்வேர்டு பண்ணி முடிச்சிருப்பான். பெறவு எவன் நம்மகிட்ட வருவான்?"

"யாரோ ஒருத்தி பட்டு கட்டிட்டு நம்மளப் பாத்துட்டு நிப்பா. அவ என்ன செய்வா?"

கிங்ஸ்லி லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"உள்ள போயிட்டா எல்லாம் சரியாயிரும். வெளிய ஒருத்தனுக்கும் தெரியாது. இன்னைக்கு ஒரு நாள் பொறு."

நேற்றும் அதைத்தான் சொன்னான். முந்தாநாளும்.

ஜெனோ போனை எடுத்தாள். எண்ணை விரலால் அடித்தாள். மனப்பாடம். இந்த வாரத்தில் அந்த எண்ணுக்குப் பலமுறை பேசிவிட்டாள். ஒரு பெண் எடுப்பாள். 'ஓடிபி' என்ற சொல் காதில் விழுந்ததும் வைத்துவிடுவாள்.

"மறுபடியும் நீயா?" என்றது குரல்.

"ஆமாம்மா. ஒரு நிமிஷம் வைக்காதீங்க."

"ஓடிபி கேக்கப் போற. அதான?"

"ஆமா."

"இந்தத் தொழில்ல ஆமான்னு சொல்லுத மொத ஆளு நீதான். புதுசா சேந்திருக்கியோ?"

"நான் ஏமாத்துக்காரி இல்லம்மா."

"அதையும் எல்லாரும் சொல்லுதாங்க."

"இது எங்க அப்பா நம்பர்."

அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. நின்றது.

"உங்க வாப்பா எங்க?"

"இறந்துட்டாவ."

கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நீ உள்ளதுதான் சொல்லுதியோ என்னமோ. போன்ல எப்படிப் பாக்க? என் தங்கச்சி மவகிட்ட ஒருத்தன் இதவிட நல்லா அழுதான். உடன்குடிக்கு வா. பள்ளிவாச தெருவுல மஹ்மூதா பீவி வீடுன்னு கேளு. மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லுதேன். போன்ல ஒரு எழுத்து சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

கிங்ஸ்லி எழுந்து வேன் சாவியை எடுத்தான். ஒரு வாரத்தில் முதல் தடவையாக வேகமாக எழுந்தான்.

வீட்டில் அம்மா புறப்பட்டு நின்றாள். துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்குப் போகும்போது கட்டும் வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"நீங்க எதுக்கும்மா? வெயிலா கெடக்கு" என்றான் கிங்ஸ்லி.

"அவுக நம்பரு எந்த வீட்டுல இருக்குன்னு நான் பாக்கணும்."

"வேன்ல ஏசி வேல செய்யாது."

"உங்க அப்பா இருக்கும்போது செஞ்சிச்சாக்கும்."

ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

வேன் செய்துங்கநல்லூரைத் தாண்டியது. கார் நெல் அறுப்பு முடிந்த வயல்களில் கொக்குகள் நின்றன. கருங்குளத்தில் ஆறு ஒரு முறை தெரிந்து மறைந்தது. பின்னால் கேமராப் பெட்டிகள் ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தன. எங்கே போனாலும் அவற்றை ஏற்றிக்கொண்டு போவது கிங்ஸ்லிக்குப் பழக்கம்.

"அந்தப் போன மட்டும் வைக்காம இருந்திருந்தா..." என்றான்.

ஒரு வாரமாக வீட்டில் யாரும் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம்.

"அண்ணே" என்றாள் ஜெனோ.

"சொல்லட்டும்" என்றாள் அம்மா. "நான் வைக்கும்போது நீ எங்கன நின்ன?"

"தலமாட்டுல."

"பாத்தல்லா?"

"பாத்தேன்."

"கைய விட்டு எடுத்திருக்க வேண்டியதுதான."

கிங்ஸ்லி ஹார்ன் அடித்தான். முன்னால் வண்டி எதுவும் இல்லை.

"உனக்கு இப்ப தோணுது" என்றாள் அம்மா. "எனக்கு அப்பவே தோணிச்சி. இதுல முக்கியமானது ஏதாவது இருக்கும்னு. இருந்தா இருந்துட்டுப் போவுது, அவுகளே வச்சிக்கிடட்டும்னு வச்சேன்."

ஜெனோ திரும்பிப் பார்த்தாள். அம்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாழைத் தோட்டங்கள் போய்க்கொண்டிருந்தன.

உடன்குடியில் மஹ்மூதா பீவி வாசலிலேயே நின்றாள். அம்மாவின் வயதுதான் இருக்கும். தலையில் போட்ட துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கிங்ஸ்லியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"இவன் மூஞ்சி சரியில்லையே" என்றாள்.

"எப்பவும் அப்படித்தான்" என்றாள் ஜெனோ.

"இவங்க யாரு?"

"அம்மா."

"வீட்டுக்காரர் நம்பரா அக்கா?"

"ஆமா" என்றாள் இன்பமணி.

மஹ்மூதா பீவி வழிவிட்டாள். "உள்ள வாங்க. ஏமாத்துக்காரன் எவனும் உம்மாவக் கூட்டிட்டு வரமாட்டான்."

கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மேசையில் போன் சார்ஜில் கிடந்தது. பூப்போட்ட உறை. அம்மா அதைப் பார்த்தாள். அதன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

கருப்பட்டிக் காப்பி வந்தது.

"நம்பரு நல்லாருக்கா?" என்று கேட்டாள் அம்மா.

கேள்வி விளங்காமல் மஹ்மூதா பீவி ஜெனோவைப் பார்த்தாள். பிறகு விளங்கியது.

"நல்ல நம்பருக்கா. கடேசியில ரெண்டு ஏழு. மனசுல நிக்கும்னு கடைக்காரன் குடுத்தான்."

"அவுகளும் அதுக்காவத்தான் கேட்டு வாங்கினாவ."

"ஆரம்பத்துல ஒரே போனு. சத்தியநேசன் அண்ணாச்சி இருக்காவளா, சத்தியநேசன் அண்ணாச்சி இருக்காவளான்னு. ராங் நம்பருன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிட்டு. ஒரு நாளு ஒரு பாதிரியாரு. எடுத்ததும் ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. நடுவுல எப்படி நிப்பாட்ட? முழுசும் பண்ணி முடிச்ச பெறவுதான் ஆளு மாறிப் போச்சுன்னு சொன்னேன்."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்ன சொல்லுவாரு? நான் அதுக்குள்ள ஆமீன் சொல்லிட்டேன்."

அம்மா சிரித்தாள். ஜெனோ அந்தச் சிரிப்பைக் கேட்டு நாளாகியிருந்தது.

கிங்ஸ்லி காப்பியைத் தொடவில்லை. "பிள்ள, போடு" என்றான்.

ஜெனோ தன் போனில் செயலியைத் திறந்தாள். கடவுச்சொல்லை அடித்தாள். 'குறியீடு அனுப்பு' என்பதைத் தொட்டாள். எல்லாரும் மேசையில் கிடந்த போனைப் பார்த்தார்கள்.

அது சும்மா கிடந்தது.

"சிக்னல் இருக்கா?"

"முழுசா இருக்கு தம்பி."

மறுபடி தொட்டாள். இந்த முறை திரையில் ஒரு வரி வந்தது.

'இந்தக் கணக்குடன் எந்தத் தொலைபேசி எண்ணும் இணைக்கப்படவில்லை.'

ஜெனோ அதைச் சத்தமாகப் படித்தாள். கிங்ஸ்லி போனை வாங்கி அவனும் படித்தான்.

"எப்படி? போன வாரம் ஓடிபி போச்சுல்லா?"

"வந்திச்சி" என்றாள் மஹ்மூதா பீவி. "ஒண்ணா ரெண்டா? நான் எதையும் அழிக்கல. பாரு."

செய்திகளைத் திறந்து ஜெனோவிடம் நீட்டினாள். வரிசையாகக் குறியீடுகள். அவற்றின் கீழே வேறு ஒரு செய்தி. 'உங்கள் கணக்கில் நுழைய முயல்வது நீங்கள் இல்லையெனில் 2 என்று பதில் அனுப்பவும்.'

பதில் போயிருந்தது. 2.

அதற்கும் கீழே இன்னொன்று. 'அனைத்துச் சாதனங்களும் வெளியேற்றப்பட்டன. இந்த எண்ணைக் கணக்கிலிருந்து நீக்க 9 என்று அனுப்பவும்.'

9.

"கண்டவன் கணக்குல என் நம்பரு எதுக்குன்னு எடுத்துரச் சொல்லிட்டேன்" என்றாள் மஹ்மூதா பீவி. "பேங்குலயும் அதான சொல்லுதாங்க. நாம இல்லேன்னா உடனே இல்லேன்னு சொல்லிரணும்னு."

கிங்ஸ்லி அந்த 9-ஐ எட்டிப் பார்த்தான்.

"நான் தப்புப் பண்ணிட்டனா மவளே?"

"இல்லம்மா. சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

அது உண்மை. இப்படி ஒரு செய்தி வந்தால் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று ஜெனோவே அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

மஹ்மூதா பீவி தன் போனைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்க்கப் பிடிக்காதவள்போல் கவிழ்த்து வைத்தாள்.

கிங்ஸ்லி திரையைக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தான்.

"இங்கன ஒண்ணு இருக்கு" என்றான். "உரிமையாளர் முகம் மூலம் சரிபார்க்க."

"அது அப்பா முகம்."

"தெரியும்." அம்மாவிடம் திரும்பினான். "பைக்குள்ள படம் வச்சிருக்கீங்கல்லா?"

அம்மா அவனைப் பார்த்தாள். பிறகு கைப்பையைத் திறந்தாள். சின்னப் பாக்கெட் பைபிளுக்குள் இருந்து படத்தை எடுத்தாள். கிங்ஸ்லி எடுத்த படம்தான். ஸ்டூடியோவில், சாம்பல் திரைக்கு முன்னால், நேராகப் பார்க்கும் அப்பா.

கிங்ஸ்லி படத்தைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். பார்த்தான். நெற்றியில் வெளிச்சம் பட்டுப் பளபளத்தது. செம்பை நகர்த்தினான். சன்னல் கதவை ஒன்றைச் சாத்தி ஒன்றைத் திறந்தான்.

"வீட்டுல வெள்ளத் துணி ஏதாவது இருக்கா? இடப் பக்கம் நிழல் விழுது."

மஹ்மூதா பீவி ஒரு வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்தாள். கிங்ஸ்லி சொன்ன இடத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். துணியில் பட்ட வெளிச்சம் அப்பாவின் கன்னத்தில் விழுந்தது. முகம் எழுந்து வந்தது.

"இப்படியே நில்லுங்க. அசையாதீங்க."

கல்யாண வீடுகளில் சொல்லும் அதே குரலில் சொன்னான்.

ஜெனோ போனைப் படத்துக்கு நேரே பிடித்தாள். திரையில் ஒரு வட்டம் முகத்தைத் தேடி அலைந்தது. நின்றது. பச்சையானது.

'முகம் கண்டறியப்பட்டது.'

"வந்துட்டு" என்றான் கிங்ஸ்லி. "வந்துட்டு, வந்துட்டு. ஆட்டாத."

அடுத்த வரி வந்தது. ஜெனோ படித்தாள்.

"என்ன சொல்லுது?" என்றாள் அம்மா.

"கண்ணச் சிமிட்டச் சொல்லுதும்மா."

அம்மா படத்தைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள். துப்பட்டியைப் பிடித்திருந்த மஹ்மூதா பீவியும் தலையை நீட்டிப் பார்த்தாள். தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். வட்டம் மெதுவாகச் சுற்றிக் காத்திருந்தது.

சிவப்பானது.

"இன்னொரு தடவ" என்றான் கிங்ஸ்லி.

இன்னொரு தடவை அது தலையை இடப்பக்கம் திருப்பச் சொன்னது. கிங்ஸ்லி படத்தை இடப்பக்கம் திருப்பினான். சிவப்பு.

"வீடியோ இருந்தாப் போதும். அப்பா பேசுத மாதிரி, நடக்குத மாதிரி, எதுனாலும். சர்ச்சுல ஆல்டர் முன்னால நின்னு என்னத் திட்டுவாருல்லா, அந்த மேலப்பாளையம் கல்யாணத்துல. அது எங்க?"

"கணக்குக்குள்ள."

"வெள்ளத்துக்கு முந்துன வீடியோ?"

"ஹார்ட் டிஸ்குல இருந்திச்சி."

"அம்மா, உங்க போன்ல?"

"குரல்தான் இருக்கு" என்றாள் அம்மா. "கறிவேப்பில வாங்கணுமான்னு கேட்டு அனுப்பினது."

கிங்ஸ்லி மூன்றாவது முறையும் முயன்றான். படத்தின் முன்னால் விரலை வேகமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தான். கண்கள் மறைந்து தெரியும் என்று நினைத்தான் போல. ஜெனோவால் பார்க்க முடியவில்லை. ஆனால் போனை ஆட்டாமல் பிடித்திருந்தாள்.

'கணக்கின் பாதுகாப்பைக் கருதி முகச் சரிபார்ப்பு நிறுத்தப்பட்டுள்ளது.'

மிச்சம் ஒரே ஒரு பொத்தான் இருந்தது. 'உரிமையாளர் இறந்துவிட்டாரா?' ஜெனோ அதைத் தொட்டு விதிகளைப் படித்தாள். இறப்புச் சான்றிதழை ஏற்றலாம். ஏற்றினால் கணக்கு முறைப்படி மூடப்படும். உள்ளே இருப்பவை அழிக்கப்படும். வாரிசுகள் உட்பட எவருக்கும் வழங்கப்படமாட்டாது. தங்கள் இழப்புக்கு வருந்துவதாகவும் போட்டிருந்தார்கள்.

"என்ன?" என்றான் கிங்ஸ்லி.

போனை அவனிடம் கொடுத்தாள். படித்தான். திரும்பக் கொடுத்தான்.

"அதத் தொடாத."

"தொடல."

"பெறவு என்ன செய்யுதது?"

ஜெனோ திரையை அணைத்தாள். எந்த வேலைக்கு எந்தச் செயலி என்று அவளிடம்தான் ஊரில் மற்ற ஸ்டூடியோக்காரர்களே கேட்பார்கள்.

அம்மா படத்தை எடுத்தாள். செம்பின் ஈரம் பின்பக்கம் பட்டிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்து பைபிளுக்குள் வைத்தாள்.

"துணிய இறக்குங்கம்மா" என்றாள் மஹ்மூதா பீவியிடம். "கை வலிக்கும்."

அவள் அப்போதுதான் இறக்கினாள்.

சாப்பிடாமல் விட மாட்டேன் என்றாள். சோறும் மீன்குழம்பும் போட்டாள். கிங்ஸ்லி தலையைக் குனிந்தபடி சாப்பிட்டான். மறுசோறு கேட்காமலே விழுந்தது. கிளம்பும்போது மஹ்மூதா பீவி அம்மாவின் கையில் ஒரு ஓலைப்பெட்டிக் கருப்பட்டியைத் திணித்தாள்.

"அக்கா, எப்பவாவது இந்த நம்பருக்குப் போட்டுப் பாக்கணும்னு தோணிச்சின்னா போடுங்க. நான் எடுக்குதேன்."

"எடுத்தா என்ன பேசுதது?"

"சாப்ட்டாச்சான்னு கேளுங்க. உங்க நம்பர நானும் பேரு போட்டு வச்சிக்கிடுதேன்."

அம்மா தன் எண்ணைச் சொன்னாள். பைய, ஒவ்வொரு எண்ணாக.

வேன் திருச்செந்தூர் சாலையில் ஏறியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பனைகளின் நிழல் சாலையின் குறுக்கே கிடந்தது.

ஜெனோ ஸ்டேட்டஸுக்கு எழுதத் தொடங்கினாள். 'நேசன் ஸ்டூடியோ அன்பர்களுக்கு.' அழித்தாள். 'எங்களிடம் தேதி கொடுத்தவர்கள் தயவுசெய்து.' தயவுசெய்து என்ன? 'எங்கள் கவனக்குறைவால்' என்று ஆரம்பித்தாள்.

"போடப் போறேன்ணே" என்றாள்.

கிங்ஸ்லி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். இந்த முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

"திங்கக்கிழமையே போட்டிருக்கணும்" என்றாள்.

"ம்."

"நீதான் வேண்டாம்ன."

"நான்தான். போடு."

கடைசி வரியை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பெயர் இல்லாத எண்.

"எம்மா, நேசன் ஸ்டூடியோதான? எங்கன வந்துட்டிருக்கீய?"

"யாரு பேசுதீங்க அண்ணாச்சி?"

"யாரா? நல்லாக் கேட்டிய போங்க. இசக்கிமுருகன். மாப்பிள்ள வீட்டு ஆளுக வந்து எறங்கியாச்சி. பிள்ளைக்கு அலங்காரம் முடிஞ்சிட்டு. கேமராக்காரங்களத்தான் பாத்துட்டிருக்கோம்."

ஜெனோ கண்ணை மூடிக்கொண்டாள். இசக்கிமுருகன். எந்த முகமும் வரவில்லை.

"எந்த..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"எந்த எடமா? அன்னைக்கே மேப்பு அனுப்பிச்சேன்லா. ஆழ்வார்குறிச்சி. கோயிலுக்கு வடபுறம், சாமியானா போட்டிருக்கு, தப்பாது."

குரல் வேனுக்குள் எல்லாருக்கும் கேட்டது. கிங்ஸ்லி பிரேக்கை மிதித்தான். ஓரமாக நிறுத்தினான்.

"நிச்சயதார்த்தம்" என்றான் மெல்ல. "தை மாசம் வந்து சொன்னாரு. நான்தான் பதிஞ்சேன்."

ஆழ்வார்குறிச்சி, ஆறு இறங்கி வரும் மலைப் பக்கம். அவர்கள் நின்றது ஆறு கடலில் விழும் பக்கம். நடுவில் ஒரு மாவட்டமே கிடந்தது.

"எம்மா, கேக்குதா?"

"கேக்குது அண்ணாச்சி."

"நேத்து எம் மவ சொன்னா, நினைவூட்டல் ஒண்ணும் வரலியேப்பா, ஒரு போன் போட்டுக் கேளுங்கன்னு. நான்தான் சொன்னேன். சத்தியநேசன் அண்ணாச்சி பிள்ளைக, அவங்களுக்குப் போன் போட்டு ஞாபகப்படுத்தணுமாக்கும்னு."

பின்னால் நாதஸ்வரம் கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். ஒரு குழந்தை அழுதது.

"இந்தா, அவளே கேக்கா. எவ்வளவு நேரம் ஆவும்? நல்ல நேரம் முடியுததுக்குள்ள வந்துருவீயல்லா? தாம்பூலம் மாத்துதத வேணும்னா நிப்பாட்டி வைக்கட்டா?"

கிங்ஸ்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்திருந்தான்.

"உள்ளதச் சொல்லு பிள்ள" என்றாள் அம்மா பின்சீட்டிலிருந்து.

"நிப்பாட்ட வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் ஜெனோ.

நாதஸ்வரம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அதற்குள் இன்னொரு அழைப்பு வந்து காத்திருந்தது. அதற்கும் பெயர் இல்லை.